இருபத்தைந்தில் இறங்கியவள்

அவைத் தலைமை ஏற்று வீற்றிருக்கும் பெருமதிப்பிற்குரிய ஆர்வில் திபோ அவர்களே. நம் பிள்ளைகளை நீரில் நிமிர்த்தி, நெறிப்படுத்தி, நீந்த வைத்துக்கொண்டிருக்கும் தலைமைப் பயிற்சியாளர் வாரன் பென்ஹேல் அவர்களே. நாற்பது ஆண்டுகளாகக் கழுத்தில் தொங்கும் ஸ்டாப்வாட்சைக் குளிக்கும்போது மட்டுமே கழற்றி வைக்கும் பெரியவர் கஸ் நார்டீன் அவர்களே. விடியுமுன் எழுந்து, வண்டிக் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டி, பாதித் தூக்கத்தில் இருக்கும் பிள்ளையைப் பையோடு பையாக அள்ளிப் போட்டுக்கொண்டு குளத்துக்கு வந்து சேரும் தாய்மார்களே. அந்த வண்டியிலேயே குறட்டை விட்டுக் காத்திருக்கும் தந்தைமார்களே. ஈரத் தலையோடு வந்து உட்கார்ந்து, லெஃப்டி பேசி முடித்தால்தான் கேக் என்று சொல்லப்பட்டதால் என்னை எதிரியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருக்கும் என் செல்வங்களே. உங்கள் அனைவருக்கும் இந்த இடக்கையை உயர்த்தி என் பணிவான வணக்கத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

அதோ, பின் மேசையிலிருந்து "லெஃப்டி, லெஃப்டி" என்று குரல் வருகிறது. நன்றி. என் பெற்றோர் எனக்கு வைத்த பெயர் டார்லா லெஹ்தோ. அந்தப் பெயர் தபால் நிலையத்தில் என் சட்டைப் பையின் மேல் மட்டும் இருக்கிறது. ஊர் வைத்த பெயர் லெஃப்டி, இடக்கைக்காரி. மேல் தட்டுப் பெட்டிகளில் நான் இடக்கையால் கடிதம் போடுவதைப் பார்த்திருக்கிறீர்கள். போட்டி தொடங்கும்போது இடக்கையைத் தூக்கிக் கொடி காட்டுவதைப் பார்த்திருக்கிறீர்கள். பனி உருண்டைகளைக் குழந்தைகள் என் மேல் எறிந்தால் இடக்கையால் திருப்பி எறிவதையும் பார்த்திருக்கிறீர்கள். குறி தப்பாது என்பதையும் சிலர் அறிவீர்கள்.

எனக்குத் தலைவர் கொடுத்திருக்கும் தலைப்பு, 'இளம் நீச்சல் வீரர்களுக்கு உடல்வலுப் பயிற்சி'. எனக்குத் தலைவர் கொடுத்திருக்கும் நேரம், பதினைந்து நிமிடம். திரையும் படமும் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பேச வேண்டியது என்னிடம் இருக்கிறது. ஐந்து மாதங்களாக இருக்கிறது. பேச்சு கொஞ்சம் நீண்டால் தலைவர் பொறுத்துக்கொள்ள வேண்டும். கேக்கும் பொறுத்துக்கொள்ளும்.

அவையோரே, நீருக்குள் நீந்துகிற பிள்ளைக்கு நிலத்தில் எதற்குப் பயிற்சி? இது நியாயமான கேள்வி. மீன் தண்டால் எடுக்கிறதா என்று போன வாரம் கூட ஒரு தந்தை என்னிடம் கேட்டார். ஐயா, மீனுக்குத் தோள் இல்லை. உங்கள் மகனுக்கு இரண்டு இருக்கின்றன. ஒரு மாலைப் பயிற்சியில் அந்தத் தோள் ஒவ்வொன்றும் ஆயிரம் முறைக்கு மேல் சுழல்கிறது. வாரத்துக்கு ஆறு நாள் சுழல்கிறது. பனி பெய்தாலும் சுழல்கிறது, பரீட்சை வந்தாலும் சுழல்கிறது. அப்படிச் சுழல்கிற தோளைப் பிடித்து நிறுத்த, முதுகுப்புறம் சின்னச் சின்னத் தசைகள் இருக்கின்றன. கண்ணாடியில் தெரியாது. கடற்கரையில் சட்டையைக் கழற்றினால் யாரும் மெச்ச மாட்டார்கள். ஆனால் அவை களைத்தால் தோள் களைக்கிறது. தோள் களைத்தால் எல்லாம் களைக்கிறது.

ஆகவே வலு வேண்டும். வலுப் பயிற்சி வேண்டும். அதில் எனக்கு ஐயமில்லை. எடை தூக்கினால் பிள்ளை குள்ளமாகிவிடும் என்று இன்னும் சில தாய்மார்கள் அஞ்சுகிறார்கள். அம்மா, முறையாகச் சொல்லிக்கொடுத்து, பக்கத்தில் ஆள் நின்று பார்த்து, மெல்ல மெல்ல ஏற்றினால் ஒன்றும் ஆகாது. பிள்ளை குள்ளமாக இருந்தால் தயவுசெய்து அவன் அப்பாவைப் பாருங்கள். அதோ, கஸ் சிரிக்கிறார். கஸ், உங்களைச் சொல்லவில்லை.

வலு வேண்டும் என்பதில் தகராறு இல்லை. எது வலு என்பதில்தான் நாம் தடுக்கி விழுந்தோம். 'நாம்' என்று மரியாதைக்குச் சொல்கிறேன். விழுந்தவள் நான். விழுந்த இடத்தைக் காட்டத்தான் இன்று மேடை ஏறினேன்.

நம் குளத்தின் பின்னறையில் ஒரு கம்பி இருக்கிறது. மூடிப்போன இரும்புச் சுரங்கத்தில் தண்ணீர் இறைத்த குழாய் அது. நம் ஊர் பாட்டன்மார் அறுத்துக் கொண்டுவந்து சுவருக்குச் சுவர் பொருத்தினார்கள். ஆண்டுதோறும் நவம்பரில் வரும் நன்றி விருந்து முடிந்த சனிக்கிழமை, வான்கோழி தின்ற வயிறு இறங்குவதற்குள், ஊரே அந்த அறையில் கூடுகிறது. பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறார்கள். முகவாய் கம்பிக்கு மேலே போனால் ஒன்று. மறுபடி போனால் இரண்டு. கை விடும் வரை எண்ணுகிறோம். ஆண்டுதோறும் வென்றவர் பெயர் காகிதத்தில் ஏறுகிறது. ஆனால் எல்லா ஆண்டுக்கும் சேர்த்து முதலிடம் பிடித்தவர் பெயர் மட்டும் சுவர்ப் பலகையில் பித்தளைத் தகடாக ஏறுகிறது. அந்தத் தகட்டில் முப்பத்தாறு ஆண்டுகளாக இருக்கும் பெயர் என் பெயர். இருக்கும் எண் இருபத்தாறு.

அந்த இருபத்தாறைப் பார்த்து எத்தனை பிள்ளைகள் கம்பியில் ஏறினார்கள். எத்தனை பிள்ளைகள் பயிற்சி முடிந்து, நாலாயிரம் கஜம் நீந்தி முடித்து, கை நடுங்க நடுங்க, "இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு" என்று தொங்கினார்கள். நான் அருகில் நின்று எண்ணினேன். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது, மறைக்கவில்லை. ஒவ்வொரு பிள்ளையும் பதினெட்டிலும் இருபதிலும் விழும்போது, என் நெஞ்சுக்குள் ஒரு மூலையில் ஒரு சின்ன நிம்மதி வந்தது. அதையும் மறைக்கவில்லை.

இனி, போன நவம்பருக்கு வருவோம். நீங்கள் எல்லோரும் காத்திருப்பது இதற்குத்தான் என்று எனக்குத் தெரியும்.

டெஸ்ஸா ரின்னே. பதின்மூன்று வயது. மல்லாந்து நீந்துவதில் நம் மன்றத்தின் முதல் கை. நம் தெருக்களில் பனி தள்ளும் வண்டி ஓட்டும் ரோய் ரின்னேயின் மகள். அன்று அவள் கம்பியில் ஏறினாள். பத்து இழுத்தாள், பதினைந்து இழுத்தாள், இருபது இழுத்தாள். நீங்கள் நாற்காலியை விட்டு எழுந்தீர்கள். இருபத்துமூன்று. "லெஃப்டியை முந்து, லெஃப்டியை முந்து" என்று சுவர் அதிரக் கத்தினீர்கள். இருபத்துநாலு. இருபத்தைந்து. இன்னும் ஒன்று இழுத்தால் சமம். இன்னும் இரண்டு இழுத்தால் சாதனை. அந்த நேரத்தில், எண்ணிக்கொண்டு நின்ற நான், ஓரடி முன்னால் போய் அவள் காதில் ஏதோ சொன்னேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கையை விட்டாள். தரையில் இறங்கினாள். யாரையும் பார்க்காமல் வெளியே நடந்து போனாள்.

அன்றிலிருந்து இந்த ஊரில் இரண்டு பேச்சு உலவுகிறது. ஒன்று, டெஸ்ஸா பயந்துவிட்டாள், பந்தயம் கைக்கு எட்டும்போது கையை விடுகிற பெண். இன்னொன்று, லெஃப்டி தன் தகட்டைக் காப்பாற்றிக்கொள்ள அந்தப் பெண்ணை மிரட்டி இறக்கிவிட்டாள். இரண்டாவது பேச்சை என் முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை. முதல் பேச்சை அந்தப் பிள்ளையின் முகத்துக்கு நேரே சொன்னீர்கள்.

அவளுடைய மிதவைப் பலகையில் கறுப்பு மையால் 'இருபத்தைந்து' என்று எழுதி வைத்தவர்கள் இந்த அவையில் இருக்கிறார்கள். யாரென்று எனக்குத் தெரியும். நான் தபால் நிலையத்தில் வேலை பார்க்கிறவள். இந்த ஊரில் எல்லோருடைய கையெழுத்தும் எனக்கு அத்துப்படி. டிசம்பரில் அணித் தலைவரைத் தேர்ந்தெடுத்தீர்கள். அவள்தான் என்று செப்டம்பரிலேயே பேசி வைத்திருந்தீர்கள். அவளுக்கு விழுந்த ஓட்டு மூன்று.

சரி, நான் காதில் சொன்னது என்ன? ரோய் என்னிடம் நேரிலேயே கேட்டார். ஜனவரியில் ஒரு நாள், பூட்சில் ஒட்டிய பனியோடு தபால் நிலையத்துக்குள் வந்து நின்றார்.

"டார்லா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க ரோய்."

"அன்னைக்கு எம் பொண்ணு காதுல என்ன சொன்ன? கேட்டா வாயே திறக்க மாட்டேங்கிறா. ஊர்ல ஆளாளுக்கு ஒண்ணு சொல்றான். நீயே சொல்லிடு."

அவையோரே, ஒரு தகப்பன் தன் மகளின் மானத்தைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து என் முன் நிற்கிறான். ஒரு வாக்கியம் சொன்னால் போதும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஸ்டாம்பு வேணுமா ரோய்? பறவை போட்டது புதுசா வந்திருக்கு" என்று சொன்னேன். அவர் என்னையே பார்த்தார். பிறகு ஒரு தாள் ஸ்டாம்பு வாங்கிக்கொண்டு போனார். யாருக்கும் கடிதம் எழுதாத மனிதர் அவர்.

எதற்காக மறைத்தேன்? அதைச் சொல்ல முப்பத்தாறு ஆண்டு பின்னால் போக வேண்டும். எனக்கு அப்போது பதினான்கு வயது. அக்டோபரிலிருந்தே வலத்தோளில் குத்தல் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. அன்றைய பயிற்சியாளர் கெட்டவர் அல்லர். கேட்டிருந்தால் இறங்கு என்றிருப்பார். நான் கேட்கவில்லை. பதினெட்டாவது இழுப்பில் தோளுக்குள் ஏதோ நழுவியது. இருபதில் கண் இருட்டியது. ஆனால் கீழே ஊர் நின்று கத்திக்கொண்டிருந்தது. ஊர் கத்தும்போது இறங்க முடியுமா? பதினான்கு வயதில் முடியுமா? இருபத்தாறு இழுத்தேன். தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். மறுநாள் காலை, அலமாரியின் மேல் தட்டிலிருந்து ஒரு கிண்ணத்தை எடுக்க வலக்கையை உயர்த்தினேன். கை மார்பு வரை வந்து நின்றுவிட்டது.

சில வாரத்தில் கை ஓரளவு அசைந்ததும், அந்தக் கையோடு இரண்டு ஆண்டு நீந்தினேன். பிறகு அம்மா என்னை வெளியூருக்குக் கூட்டிப்போனார், அங்கே அறுவை செய்தார்கள். பதினாறு வயதில் நீச்சலை விட்டேன். படிப்புக்காக விட்டேன் என்று ஊருக்குச் சொன்னேன். ஊரும் நம்பியது. என் மதிப்பெண்ணைப் பார்த்திருந்தால் நம்பியிருக்காது.

ஆம், அவையோரே. நான் இடக்கைக்காரி அல்ல. பிறந்தது வலக்கைக்காரியாக. கையெழுத்தை நான் வலக்கையால்தான் போடுகிறேன். உங்கள் பார்சல் ரசீதுகளில் ஆயிரம் முறை உங்கள் கண் முன்னாலேயே போட்டிருக்கிறேன். ஒருவர் கூடக் கேட்டதில்லை. மேசை மட்டத்தில் எழுத அந்தக் கை போதும். மேலே போகத்தான் போதாது. அதனால் மேலே போகிற வேலையெல்லாம் இடக்கைக்குப் போயிற்று. அதை வைத்து நீங்கள் ஆசையாக ஒரு பெயர் வைத்தீர்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் நான் வசதியாக ஒளிந்துகொண்டேன்.

இப்போது டெஸ்ஸாவிடம் வருகிறேன். அக்டோபர் மாதம், பெண்கள் உடை மாற்றும் அறையில், கண்ணாடி முன் நின்று அவள் தலைமுடியை முடிந்துகொண்டிருந்தாள். மற்ற பிள்ளைகள் கையைத் தலைக்குக் கொண்டு போவார்கள். இவள் தலையைக் கைக்குக் கொண்டுவந்தாள். கழுத்தைச் சாய்த்து, தோளை அசைக்காமல், மெதுவாக. அந்தச் சாய்வு எனக்குத் தெரியும். அதை நான் தினமும் காலையில் என் கண்ணாடியில் பார்க்கிறேன். வாரன் பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது. அவள் அம்மா பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது. இந்த ஊரில் அதைப் பார்த்ததும் புரிந்துகொள்ளக் கூடிய ஒரே ஆள் நான். அந்த ஒரே ஆள் என்ன செய்தாள்?

"முடி ரொம்ப வளந்துடுச்சே டெஸ்ஸா" என்றேன்.

"ஆமா கோச்" என்றாள்.

அவ்வளவுதான். தோள் வலிக்கிறதா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால், எப்படித் தெரியும் என்று அவள் கேட்பாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது. அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சனிக்கிழமை வரைக்கும் ஆறு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நம் பிள்ளைகளின் உடல்வலுப் பயிற்சிக்கு நீங்கள் நியமித்த ஆள் நான்.

அன்று கம்பியின் கீழ் நின்று எண்ணினேன். இருபத்துமூன்றில் அவள் வலத்தோள் காதை நோக்கி ஏறியது. இருபத்துநாலில் முழங்கை வெளியே போயிற்று. நீங்கள் கத்திக்கொண்டிருந்தீர்கள், உங்களைக் குறை சொல்லவில்லை, தள்ளி நின்று பார்த்தால் முகவாய் மட்டும்தான் தெரியும். இருபத்தைந்தில் அவள் முகத்தைப் பார்த்தேன். அது என் முகம். பதினான்கு வயது டார்லாவின் முகம். அப்போதுதான் என் கால் முன்னே போயிற்று. அவள் காதில் நான் சொன்னது இதுதான்:

"நான் இடக்கைக்காரி இல்ல. இறங்கிடு."

வேறு ஒரு சொல் சொல்லவில்லை. ஐந்து வயதிலிருந்து என்னைப் பார்த்து வளர்ந்த பிள்ளை. நான் கடிதம் போடும் கை, கொடி காட்டும் கை, எல்லாம் பார்த்த பிள்ளை. அவளுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. அவள் என் வலத்தோளைப் பார்த்தாள். பிறகு கையை விட்டாள்.

நான் அவள் பின்னாலேயே ஓடினேன். நடைவழியில் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள்.

"எப்பலேர்ந்து கோச்?"

"இருபத்தாறு இழுத்த மறுநாள் காலையிலேர்ந்து."

"அப்போ, படிப்புக்காக நீச்சலை விட்டேன்னு சொல்வீங்களே?"

"படிப்பா? கணக்குல ரெண்டு தடவை கோட்டை விட்டவ நான்."

அழுதுகொண்டே சிரித்தாள். "யாருக்கும் தெரியாதா?"

"எங்கம்மாவுக்குத் தெரியும். அவங்க இப்ப இல்ல."

"சரி, நானும் சொல்ல மாட்டேன்."

"நான் உன்னைச் சொல்லாதேன்னு கேக்கலையே."

"நீங்க கேக்கல. ஆனா உங்க முகம் கேக்குது" என்றாள்.

கேட்டீர்களா, அவையோரே? பதின்மூன்று வயதுப் பிள்ளை. என் முகத்தைப் படித்தாள். படித்ததை ஐந்து மாதம் பூட்டி வைத்தாள். மிதவைப் பலகையில் கிறுக்கினார்கள், வாய் திறக்கவில்லை. ஓட்டுப் போடாமல் விட்டார்கள், வாய் திறக்கவில்லை. பெற்ற தகப்பன் கேட்டார், அப்போதும் வாய் திறக்கவில்லை. தன் பெயரைக் கொடுத்து என் பெயரைக் காப்பாற்றினாள். அந்த ஐந்து மாதமும் என் தகடு சுவரில் பளபளத்துக்கொண்டிருந்தது. நான் அதைத் துடைக்கவும் துடைத்தேன்.

அந்த வாரமே டெஸ்ஸாவை அவள் வீட்டார் மருத்துவரிடம் கூட்டிப்போனார்கள். தோளுக்குள் வீக்கம் இருந்தது, கிழிசல் இல்லை. "சரியான நேரத்துக்கு வந்துட்டீங்க" என்றார். ஊரில் அதற்கும் ஒரு பேச்சு வந்தது, இறங்கிய பிறகு கண்டுபிடித்த வலி என்று.

பிறகு நாங்கள் இருவரும் முதலிலிருந்து தொடங்கினோம். கதவுக் கைப்பிடியில் ஒரு ரப்பர் பட்டையைக் கட்டி, முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே ஒரு துண்டைச் செருகி, முன்கையை மட்டும் உள்ளேயும் வெளியேயும் மெல்லத் திருப்புகிற பயிற்சி. பார்க்க ஒன்றுமே இல்லை. மற்ற பிள்ளைகள் கம்பியில் தொங்க, இவள் கதவோரம் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். "டெஸ்ஸா, எங்க வீட்டுக் கதவையும் வந்து தெறந்து மூடிட்டுப் போ" என்று ஒரு குரல் வந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "உங்க வீட்டுக்கு எதுக்குக் கதவு, உள்ள எதாவது இருக்கா?" என்றாள். வாய் வலுவுக்கு என் பயிற்சி தேவைப்படவில்லை.

என்னிடமும் கேட்டாள். "கோச், இது ஜன்னல் துடைக்கிற வேலை மாதிரி இருக்கே, இதுல எப்ப வேகம் வரும்?"

"வேகம் கைல மட்டுமா இருக்கு? காலைக் காட்டு" என்றேன்.

கால்தான், அவையோரே. நம் குளம் இருபத்தைந்து கஜம். நூறு கஜப் பந்தயத்தில் தொடக்கத்தில் ஒரு உதை, நடுவில் மூன்று சுவர்களில் மூன்று உதை. அந்த நாலு உதையில் பாதிப் பந்தயம் இருக்கிறது. அதைக் கம்பியில் தொங்கி எவரும் பெறவில்லை. உட்கார்ந்து எழுந்தாள். பெட்டி மேல் துள்ளி ஏறினாள். முழங்கை ஊன்றி, வயிறு தொய்யாமல், பலகைபோல் நின்றாள். முறை கெட்டால் அங்கேயே நிறுத்தினாள். எத்தனை என்று நான் எண்ணவில்லை. சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். ஆறு வாரம் கழித்துக் கொஞ்சம் எடை கொடுத்தேன். இன்னும் நாலு வாரம் கழித்து இன்னும் கொஞ்சம்.

மார்ச்சில் மாநிலப் போட்டி. நூறு கஜம், மல்லாந்து நீந்துவது. மூன்றாவது சுவருக்கு வரும்போது அவள் ஆறாவதாக வந்தாள். சுவரை உதைத்து நீருக்கடியில் போனாள். வெளியே வரும்போது நாலாவதாக வந்தாள். நாலாவதாகவே முடித்தாள். பதக்கம் மூன்று பேருக்குத்தான். ஆனால் தன் பழைய நேரத்தை ஒரு நொடிக்கு மேல் குறைத்திருந்தாள். ஸ்டாப்வாட்சைத் தட்டிப் பார்த்துக்கொண்டு, கடிகாரம் ரிப்பேர் ஆகிவிட்டது என்று கஸ் சொன்னார். அது ரிப்பேர் ஆகவில்லை, கஸ்.

எனக்கு அந்த நேரம் பெரிதில்லை. மறுநாள் காலை மோட்டலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். எதிரே சுவரில் ஒரு கண்ணாடி. டெஸ்ஸா அதன் முன் நின்று தலைமுடியை முடிந்துகொண்டாள். தலை நேராக இருந்தது. கை மேலே போயிற்று. போட்டி முடிந்த மறுநாள் காலை, அவள் கை தலைக்கு மேலே போயிற்று. என் தட்டில் வாஃபிள் அப்பம் இருந்தது, கையில் அதன் மேல் ஊற்றும் பாகு இருந்தது, நான் அழுதுகொண்டிருந்தேன். வாரன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். வாரன், இப்போது புரிகிறதா?

எது வலு, என் மக்களே? தூக்குவதா வலு? தொங்குவதா வலு? பல்லைக் கடித்துப் பதக்கத்தைப் பறிப்பதா வலு? ஊரே நின்று இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று கத்தும்போது, ஒன்று இழுத்தால் சமம், இரண்டு இழுத்தால் சாதனை என்று தெரிந்தும், கையை விட்டுத் தரையில் இறங்குகிறாளே, அதற்கு எத்தனை வலு வேண்டும்? அப்படி இறங்கியதற்காக ஏச்சு வாங்கி, ஏன் இறங்கினேன் என்று சொல்லாமல் ஐந்து மாதம் சுமக்கிறாளே, அதற்கு எத்தனை வலு வேண்டும்? நான் ஊருக்கு முன்னால் இருபத்தாறு இழுத்தவள். ஒரு தகப்பனுக்கு ஒரு வாக்கியம் சொல்ல வலு இல்லாமல் ஸ்டாம்பு விற்றவள்.

கம்பியை அறுத்துப் போடச் சொல்லவில்லை. கம்பி பாவம், அது என்ன செய்தது? நன்றி விருந்துக்குப் பின் வழக்கம்போலக் கூடுவோம். ஆனால் களைத்த தோளோடு எந்தப் பிள்ளையும் ஏற வேண்டாம். தோள் காதுக்கு ஏறினால் எண்ணிக்கை அங்கே முடியட்டும். வலிக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னால், அவளுக்கும் கை தட்டுவோம். அதை நான் எண்ணுகிறேன், பொறுப்பாக எண்ணுகிறேன்.

இன்று காலைப் பயிற்சியில் டெஸ்ஸாவிடம் போய்ச் சொன்னேன், "சாயங்காலம் மேடையில சொல்லப் போறேன்" என்று.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"ஸ்டாம்பு விஷயத்தையுமா? அப்பா இன்னும் அதை வெச்சிட்டு யாருக்கு எழுதறதுன்னு முழிச்சிட்டிருக்காரு."

"அதையும்தான்."

"சரி, அப்ப ஸ்க்ரூ டிரைவர் எடுத்துட்டு வரேன்" என்றாள்.

இதோ, என் பையில் இருக்கிறது. அந்தத் தகடு. நாலு திருகாணியையும் அவள்தான் கழற்றினாள், வலக்கையால், தலைக்கு மேலே கையைத் தூக்கி. உனக்கு வேண்டுமா என்று கேட்டேன். "எங்க வீட்டு மேஜை ஒரு பக்கம் ஆடுது கோச், காலுக்கு அடியில வெச்சுக்கறேன்" என்றாள். ரோய், உங்கள் மகளை இந்த ஊரில் கோழை என்று பேச விட்டதற்கு உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். கேட்டபோது சொல்லாததற்கும் கேட்கிறேன். இந்தத் தகட்டை மேஜைக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள். அது இத்தனை நாளில் முதல் முறையாக ஒரு உபயோகமான வேலை செய்யட்டும்.

டெஸ்ஸா, உன்னிடம் தனியாகக் கேட்டுவிட்டேன். இப்போது எல்லோர் முன்னாலும் கேட்கிறேன். என்னை மன்னித்துவிடு.

பொறுமையாகக் கேட்ட தலைவர் அவர்களுக்கும், பெரியவர்களுக்கும், தாய்மார்களுக்கும், கேக்கை விட்டுக்கொடுத்த பிள்ளைகளுக்கும் என் நன்றி. முப்பத்தாறு ஆண்டுகளாக உங்களிடம் இடக்கையால் விடைபெற்றிருக்கிறேன். இன்று எனக்குப் பிறவியிலேயே வாய்த்த கையால் விடைபெறுகிறேன். இதோ, இவ்வளவுதான் உயரும். தோள் மட்டம். இதற்கு மேலே போகாது. நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், இருபத்தாறு என்பது இதுதான்.

டெஸ்ஸா, நீ எழுந்து நில். எனக்குப் பதிலாக நீ கையைத் தூக்கு. எல்லோரும் கொஞ்சம் திரும்பி, அந்தக் கடைசி மேசையைப் பாருங்கள். அவள் கை எவ்வளவு உயரம் போகிறது பாருங்கள்.

வணக்கம்.